வெளியே போனவள்

முதல் நான்கு நாற்காலிகள் வாசலில் இறங்கிவிட்டன. ஐந்தாவதை வண்டிக்காரன் தூக்கும்போதுதான் அவள் ஓடிவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருப்பா இதைக் கொண்டுவரச் சொன்னது?"

"ஒரு அம்மா போன் பண்ணினாங்க. அம்பது நாற்காலி, பொழுது சாயறதுக்குள்ள வேணும்னாங்க."

"இங்க ஒரு விசேஷமும் இல்ல. ஏத்திக்கிட்டுப் போ."

வண்டிக்காரன் அவள் முகத்தைப் பார்த்தான். கலைந்த தலையைப் பார்த்தான். பல வீட்டு வாசலைப் பார்த்தவன். "இறக்கி வச்சிடறேம்மா. மறுபடி ஒரு நடை வர்றது கஷ்டம்" என்றான், குரலைத் தாழ்த்தி. அவன் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனான். தலைக்கு மேலே மேகம் கூரை போட்டிருந்தது. காற்று நின்று வெகு நேரமாகிவிட்டது.

நாத்தனார் நிலைப்படியில் நின்றிருந்தாள். "நான்தான் சொன்னேன். வேணும்கறப்ப கிடைக்காது."

"அவர் உயிரோட இருக்காரு அண்ணி."

"நான் இல்லேன்னா சொன்னேன்? காலையில டாக்டர் கையை விரிச்சதை நீயும்தானே பாத்த? போ, உள்ள போ. வாசலுக்கு ஓடறதுக்கு மட்டும் உனக்கு எங்கிருந்துதான் கால் முளைக்குதோ."

உள்ளேயிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. "என்ன சத்தம்?"

அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "நாற்காலி வந்திருக்கு."

"யாருக்கு?"

அவள் தலையணையைச் சரிசெய்தாள். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"எத்தனை?"

"அம்பது."

"என் வகுப்புல ஒரு நாள்கூட அம்பது நிறைஞ்சதில்ல" என்றார். "இருக்கட்டும்."

சிரிப்பாகத்தான் தொடங்கியது. இருமலில் போய் முடிந்தது. உதட்டோரம் துடைத்த துணியை, அவர் கண்ணில் படாமல் உட்பக்கமாக மடித்துக்கொண்டாள்.

கல்லூரியில் அவருக்குக் காற்புள்ளி சார் என்று பேர். ஆயுசு முழுக்க ஒரே ஒரு அமெரிக்க நாவலைப் பாடம் நடத்தினவர். பழைய நாவல். பனி கொட்டுகிற சமவெளி, நடுவில் ஒரு ரயில்வே கேட், அதைக் காக்கிற ஒருவன், அவன் மனைவி. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். தொடக்கத்தில் வாக்கியங்கள் கூட்ஸ் வண்டி மாதிரி, காற்புள்ளி போட்டுப் பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். சாவு நெருங்க நெருங்கப் பெட்டிகள் கழன்றுவிடும். கடைசியில் மூன்று சொல், நான்கு சொல். நிறங்களும் அப்படித்தான். ஒவ்வொன்றாக விலகி, கை விளக்கின் சிவப்பு மட்டும் மிஞ்சும். அப்புறம் அதுவும் போய், சத்தம் மட்டும். "இந்த எழுத்தாளர் சாவை எழுத மாட்டார். அது வர்ற பாதையைப் பெருக்கி வச்சிட்டு ஒதுங்கி நிப்பார்" என்று வகுப்பில் சொல்வாராம்.

அவருடன் குடித்தனம் நடத்தியதில் அந்தப் பாடம் அவளுக்கும் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. அதுதான் இன்றைக்கு அவளைப் படுத்தியது. முந்தாநாள்கூடத் தலையணை உறையைப் பற்றி மூச்சு விடாமல் ஒரு பிரசங்கம் செய்த மனிதர், காலையிலிருந்து சொல்லை எண்ணி எண்ணிப் பேசுகிறார். மேகம் இறங்கி, ஜன்னல் திரையின் பச்சை சாம்பலாகிவிட்டது. போர்வையின் நீலமும் அப்படியே. விளக்கைப் போடப் போனால் "வேண்டாம்" என்கிறார். யாரோ வீட்டைப் பெருக்கி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தால் அவர்களுக்குள் நடந்த சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

கேட் காக்கிறவன் சாகக் கிடக்கிறான். தூரத்தில் வண்டிச் சத்தம். மனைவி கை விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். கேட்டை இறக்குகிறாள். வண்டி பக்கம் பக்கமாகக் கடந்து போகிறது. அவள் திரும்பி வருவதற்குள் நாவல் முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி அவர் தன் ஆய்வு நூலில் எழுதினார்: 'அவள் ஓடினாள். கடமை என்று பெயர் சூட்டிக்கொண்டு அன்பு வெளியேறும் இடம் இது.' புத்தகம் அச்சாகி வந்த அன்று அவள் சமையலறையில் நின்றபடியே அந்த வரியைப் படித்தாள். பிறகு சோறு போட்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை.

ஏனென்றால் அதற்கு முன்புதான் மாமனார் போய்ச் சேர்ந்திருந்தார், ஒரு புயல் நாளில். அவள் தொலைபேசி இணைப்பகத்தில் ஆப்பரேட்டர். ஊரில் பாதி லைன் அறுந்து கிடக்க, மிச்சப் பாதியில் ஆளாளுக்கு ஆஸ்பத்திரியையும் தீயணைப்பையும் கேட்டு அலறிக்கொண்டிருந்தார்கள். மாமனார் முடியாமல் கிடக்கிறார் என்ற அழைப்பும் அவளுடைய இணைப்புப் பலகைக்கே வந்தது. மாற்று ஆள் வராமல் எழுந்திருக்க முடியவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாத்தனார் நாலு பேர் நடுவில் கேட்டாள், "ஊரான் வீட்டுப் போனுதான் பெருசாப் போச்சா?" அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. புத்தகம்தான் சொன்னது.

தனக்குப் புரிந்தது என்று அவளும் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தக் கேட்டுக்காரன் பெண்டாட்டிக்காக மட்டும் வக்காலத்து வாங்கினாள்.

"வண்டி வருது. ரோட்டுல ஆளும் மாடும் வரும். கேட்டை யாரு மூடறது, உங்க தாத்தாவா?"

"அவ முகத்தை ஆசிரியர் காட்டவே இல்லையே."

"காட்டலைன்னா? அது கல்லுன்னு அர்த்தமா? கேட் இறங்கற சத்தம் கேக்காம அவன் நிம்மதியாப் போவானா? அவனேதான் போன்னு சொல்லியிருப்பான்."

"சொன்னான்னு ஒரு வரி காட்டு."

அந்த வரி நாவலில் இல்லை. அந்த இடத்தில் அவள் எப்போதும் தோற்றாள். "வரி இல்லாத இடத்துல வாதாடக் கூடாது, ஆப்பரேட்டரம்மா" என்று அவர் மோரை ஊற்றிக்கொள்வார்.

ஆஸ்பத்திரி வேண்டாமென்று போன வாரம் வீட்டுக்கு வந்ததும், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "கடைசி வரைக்கும் பக்கத்துல இரு. வெளிய போயிடாத."

"போகமாட்டேன்."

"நல்லாச் சொல்லு தம்பி. போன தடவை மாதிரி ஆயிடப் போகுது" என்றாள் நாத்தனார்.

அன்றிலிருந்து அவள் குளிப்பதுகூடக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான்.

மத்தியானம் அவருடைய பழைய மாணவி வந்தாள். இன்று அதே கல்லூரியில் அவர் இடத்தில் நின்று பாடம் நடத்துகிறவள். வாசலில் நாற்காலி அடுக்கைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் உள்ளே ஓடி வந்த வேகத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"பயந்துட்டியா? இன்னும் நேரம் இருக்கு."

"சார்..."

"புத்தகம்?"

கேட்டு அனுப்பியிருந்தார் போலும். மாணவி பையிலிருந்து நாவலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "இந்த நேரத்துல ஒரு நல்ல வார்த்தை காதுல போடாம, எவனோ வெள்ளைக்காரன் செத்த கதையா?"

"இதான் நல்ல வார்த்தை, அக்கா" என்றார். "கடைசி அத்தியாயம்."

மாணவி படித்தாள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, அக்காவுக்காகத் தமிழில் ஒரு தடவை. பனி. அடுப்பு. அவன் மூச்சு. தூரத்தில் வண்டி. அறையில் இருட்டு கூடிக்கொண்டு வந்தது. மனைவி அவருடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு தேய்த்தாலும் சூடு ஏறவில்லை. கணுக்கால் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோய்ப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

'அவள் விளக்கை எடுத்தாள். கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது' என்று படித்துவிட்டு மாணவி நிமிர்ந்தாள்.

"மறுபடி" என்றார்.

அவள் மறுபடி படித்தாள்.

"மறுபடி."

மூன்றாவது தடவை படிக்கும்போது மாணவியின் குரல் உடைந்தது. வகுப்பில் எத்தனையோ தடவை விளக்கின வரிதான். அவர் கேட்டுக்கொண்டிருந்த விதத்தில் ஏதோ ஒன்று அவளை நிலைகுலைய வைத்தது. அவர் தலையைத் திருப்பினார். அதற்கே வெகு நேரம் ஆயிற்று. மனைவியைப் பார்த்தார்.

"பால் பொங்குது" என்றார்.

"என்னங்க?"

"அடுப்புல. பால். போய்ப் பாரு."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எழுந்தாள். "நீ இரு. நான் பாக்கறேன்."

"அக்கா, உக்காரு." இத்தனை நாளில் அப்படி ஒரு கண்டிப்பான குரல் அவரிடமிருந்து வந்ததில்லை. "அவ போகட்டும்."

"நான் வெளிய போகமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல?" அவள் பாதத்தை விடவில்லை.

"நான் சொல்றேன்." மூச்சை இழுத்து வைத்துக்கொண்டார். "போ, ஆப்பரேட்டரம்மா."

அவள் எழுந்தாள். போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். அவர் மாணவியிடம் "படி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அடுப்பு அணைந்திருந்தது. காலையில் அவளே துடைத்து வைத்தது, ஈரம்கூடக் காய்ந்துவிட்டது. பால் பாத்திரம் கவிழ்ந்தபடி இருந்தது. பால் பாக்கெட் ஃப்ரிட்ஜில், பிரிக்காமல்.

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் மாணவியின் குரல் கேட்டது. வண்டி கடந்து போகிற பக்கங்கள். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி. ஓடிப் போய்விடலாம். நடை ஒன்றைத் தாண்டினால் அந்த அறைதான். அவள் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. பிறகு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது.

அவள் காத்திருந்தாள். அது தொடரவில்லை.

"தம்பீ!" நாத்தனாரின் அலறல் வீட்டை ஒரு உலுக்கு உலுக்கியது. கட்டில் நகர்ந்த சத்தம். புத்தகம் கீழே விழுந்த சத்தம். "தம்பீ, கண்ணைத் திறடா! ஐயோ, எங்க போனா அவ? இப்பவும் போயிட்டாளா?"

"சார்தான்..." மாணவியின் அழுகை குறுக்கிட்டது. "சார்தாம்மா அனுப்பினாங்க. பாலைப் பாக்க."

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழித்தாள். பாத்திரத்தை நிமிர்த்தி வைத்து ஊற்றினாள். கொஞ்சம் மேடையில் சிந்தியது. தீக்குச்சி முதல் தடவை பற்றவில்லை. இரண்டாவது பற்றியது. நீலத் தீ பாத்திரத்தின் அடியில் சுற்றிக்கொண்டது.

நாத்தனார் தலைவிரி கோலமாக நடையில் வந்தாள். திட்டுவதற்காகத்தான் வந்தாள், வாய் திறந்துதான் இருந்தது. மேடையில் கிழிந்து கிடந்த பாக்கெட்டைப் பார்த்தாள். அது இன்னும் குளிர்ந்து, மேலெல்லாம் வியர்த்திருந்தது. தம்பி பெண்டாட்டியின் முதுகைப் பார்த்தாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்பப் பொங்கிடும் அண்ணி" என்றாள் அவள், திரும்பாமல்.

பாலின் மேல் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது.