தொடரலாமா என்று கேட்டது

அந்த எழுத்தை அழுத்தும்போது அவன் மனதில் துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது. திரை கேட்டது. அவன் பதில் சொன்னான். அவ்வளவுதான்.

யார் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்று சொல்லிப் பழகிய வாய் அவனுக்கு. பஸ் டெப்போவில் அவன் பெயரே ‘சரியண்ணன்’. லீவு போட்டவனின் டூட்டியைப் பார்க்கிறாயா? சரி. மழையில் நனைந்த டிக்கெட் மிஷினை உன் சீட்டுக்குக் கீழே காய வைக்கட்டுமா? சரி. கைபேசியில் ஏதோ பெட்டி முளைத்து அனுமதி கேட்டால் படித்துக்கூடப் பார்க்காமல் சரி.

“உங்க போன்ல இருக்கிற டார்ச் லைட்டுக்குக்கூட நம்ம கல்யாண ஆல்பம் முழுசாத் தெரியும்” என்பாள் அவன் மனைவி.

அவள் நேர்மாறு. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை முழுதாகப் படிக்கிற ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும். அந்தப் புத்தியால்தான் ஒரு கம்பெனியின் சர்வர்களை எல்லாம் அவளை நம்பி விட்டிருந்தார்கள். பிறகு ஒரு மழைநாளில் அவன் ஓட்டிய பஸ் சறுக்கியது. இடுப்பு, தோள், அடுத்தடுத்து ஆபரேஷன். அவள் வேலையை விட்டாள். அவனைத் தூக்கி உட்கார வைத்தாள், நடக்க வைத்தாள், மறுபடி ஸ்டியரிங் பிடிக்க வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மூன்று வருடம் ஓடிப்போயிருந்தது.

அந்த மூன்று வருடத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தன கம்பெனிகள். “இடையில என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நன்றி சொன்னார்கள். கடைசிச் சுற்று வரை வந்தது இந்த ஒரு இடம்தான். இன்று மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. திரையைப் பகிர்ந்துகொண்டு செய்துகாட்ட வேண்டும்.

காலையிலிருந்து அவன்தான் கேள்வி கேட்கும் அதிகாரி. வாரவிடுமுறை. லுங்கிக்கு மேலே யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான்.

“அது எதுக்கு?”

“ஒரு கெத்து வேணாமா? ம், சொல்லுங்க. ரிமூவுக்கும் பர்ஜுக்கும் என்ன வித்தியாசம்?”

“ரிமூவ் பண்ணா பேக்கேஜ், அதாவது அந்த மென்பொருள் மட்டும் போயிடும். பர்ஜ் பண்ணா...” அவள் நின்றாள். நெற்றியைத் தேய்த்தாள். “ஐயோ, இது தூக்கத்துல சொல்லுவேனே!”

“பேக்கேஜோட அதுக்குன்னு நாம பண்ணி வெச்ச அமைப்புகளும் சேர்ந்து போயிடும்” என்று கைபேசியைப் பார்த்துப் படித்தான். படித்தானே தவிர, அது கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று அவனுக்குத் தெரியாது. அவள் முகம் விழுந்தது மட்டும் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை அவள் மறந்தது தன் இடுப்பெலும்பினால் என்று அவனுக்குப் பட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது அவளே உற்சாகமாகிவிட்டாள். “இங்க வாங்க, ஒரு வேடிக்கை. பைத்தான்னு ஒண்ணு. எவ்வளவோ பேக்கேஜ் இதை நம்பித்தான் நிக்குது, டிபெண்டென்சின்னு சொல்லுவாங்க. இதை எடுன்னு சொன்னா எதையெல்லாம் சேர்த்து இழுத்துட்டுப் போகப் போகுதுன்னு முதல்ல காட்டும் பாருங்க.”

தட்டினாள். திரை முழுக்கப் பெயர்கள் கொட்டின. கீழே ஒரு கேள்வி வந்து நின்றது. தொடரலாமா?

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கியது. அவள் ஓடினாள்.

அவன் திரையைப் பார்த்தான். திரை அவனைப் பார்த்தது. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிச் சிமிட்டிக் காத்திருந்தது. பாவம், எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும்? ‘ஒய்’ எழுத்து என்றால் சரி, ‘என்’ எழுத்து என்றால் வேண்டாம் என்று காலையில் அவளேதான் சொல்லியிருந்தாள்.

சரி என்றான்.

வரிகள் மளமளவென்று ஓடின. பார்க்க ஜோராக இருந்தது. துடைத்த கையோடு வந்து நின்றவளின் முகத்தைப் பார்த்ததும்தான் அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

“என்ன பண்ணீங்க?”

“தொடரலாமான்னு கேட்டுச்சு.”

“அதுக்கு?”

“சரின்னேன்.”

அவள் கை கீபோர்டு வரை பாய்ந்து, அந்தரத்தில் நின்றது. “நடுவுல நிறுத்தினா இன்னும் மோசமாயிடும்” என்று முணுமுணுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மேலே இருந்த வைஃபை அடையாளம் போயிற்று. படங்கள் போயின. திரையில் திறந்திருந்த ஜன்னல்கள் போயின. கடைசியில் கறுப்புத் திரையில் நாலு வெள்ளை வரி மட்டும் மிஞ்சியது.

மணி இரண்டரை.

“திட்டு” என்றான் அவன். “நல்லா நாலு வார்த்தை திட்டு. மூணு வருஷத்தை முழுங்கினது பத்தாதுன்னு இதையும் முழுங்கிட்டேன்.”

“வாயை மூடுங்க.” அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு கேட்டா?”

“ரெண்டு தடவை கேட்டாச்சு. போன மாசம் உங்க இடுப்பு ஸ்கேனுக்கு ஒரு தடவை. தோள்வலிக்கு ஆஸ்பத்திரி போனப்போ ஒரு தடவை.”

அவன் வாசலில் கிடந்த அவள் செருப்பைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு அலைந்தே தேய்ந்த செருப்பு.

மூன்று அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “உங்க போனைக் கொடுங்க” என்றாள். “மறைச்சுப் பேசுற வேலை எனக்கு வராது.”

திரையில் தெரிந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கறாரான கண்ணாடி, அதைவிடக் கறாரான வாய்.

“லேப்டாப்ல வரலையா நீங்க?”

“லேப்டாப்ல இப்போ ஒண்ணுமே இல்லைங்க மேடம். பயிற்சி பண்ணும்போது பைத்தான் போயிடுச்சு. அது கூடவே டெஸ்க்டாப், நெட் எல்லாம் போயிடுச்சு.”

கண்ணாடிக்கு மேலே புருவங்கள் ஏறின.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“நல்லது” என்றார் பெண்மணி. “நான் தயார் பண்ணி வெச்ச கேள்வியை விட இது பெருசு. கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க. சரி பண்ணுங்க, பார்க்கிறேன்.”

கைபேசியைப் புத்தகத்தில் சாய்த்தார்கள், சரிந்தது. டப்பாவில் சாய்த்தார்கள், விழுந்தது. அவன் வாங்கிக்கொண்டான். அவளுடைய கைபேசியை ஒயரால் லேப்டாப்போடு இணைத்து அதன் வழியாக நெட் கொண்டுவந்தாள். அந்த ஒயரோ தொளதொள. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும். ஆக, அவனுக்கு ஒரு கையில் கேமரா, மறு கையில் ஒயர்.

அவள் தட்டத் தொடங்கினாள். முதலில் தடுமாறினாள், ஒரு வரியைத் தப்பாக அடித்து அழித்தாள். அப்புறம் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. பஸ்ஸை மறுபடி எடுத்த முதல் நாள் தன் கால் க்ளட்சைத் தேடிப்போனதை அவன் நினைத்துக்கொண்டான். அதே மாதிரிதான் இருந்தது.

“எது எது போச்சுன்னு எப்படித் தெரியும்?” என்றது கைபேசி.

“பேக்கேஜைப் போடறதும் எடுக்கறதும் ஆப்ட்தானே மேடம், அது தன்னோட பதிவுல எழுதி வெச்சிருக்கும். அதைப் பார்த்து முதல்ல நெட்டுக்கானதைப் போடறேன். மத்ததெல்லாம் பின்னாடி.”

“செய்யறதுக்கு முன்னாடி ஒத்திகை பார்க்க ஒரு வழி இருக்கே. ஏன் அதைப் போடலை?”

“மறந்துட்டேன்” என்றாள் அவள் ஒளிக்காமல். “பழக்கம் விட்டுப்போச்சு. இனிமே மறக்காது.”

தரவிறக்கம் ஊர்ந்தது. அடிபட்ட தோள் எரிய ஆரம்பித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“படம் ஆடுதே. ஸ்டாண்டு சரியில்லையா?”

“ஸ்டாண்டு என் வீட்டுக்காரர் மேடம்.”

“ஓ! அவரும் ஒரு டிபெண்டென்சியா?”

“அவரை எடுத்தா இங்க எதுவும் ஓடாது” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவனுக்குத் தோள்வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

பெண்மணி அடுத்த கேள்விக்குப் போனார். “சரி, அந்தக் கடைசி ஒய்யை அழுத்தினது யார்?”

“நானுங்க” என்றான் அவன் அவசரமாக, கேமராவுக்குப் பின்னாலிருந்து. “அவங்க மேல தப்பே இல்லைங்க. சத்தியமா நான்தான்.”

“கை அவரோடது. தப்பு என்னோடது மேடம்” என்றாள் அவள். “எல்லா அதிகாரமும் இருக்கிற ஜன்னலைத் திறந்து வெச்சு, கேள்விக்குப் பதில் சொல்லாம எழுந்து போனது நான்தான். சர்வர் ரூமா இருந்தாலும் அதுதான் தப்பு. அங்க அவர் இருந்திருந்தாலும், பூனை இருந்திருந்தாலும் ஒண்ணுதான்.”

பூனையோடு சேர்த்ததில் அவனுக்கு வருத்தமில்லை.

மறுதொடக்கம். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு மெல்ல ஜன்னல்கள் வந்தன, படம் வந்தது. அவன் ஒயரிலிருந்து கையை எடுத்தான். மூலையில் வைஃபை அடையாளம் தானாக எழுந்து நின்றது, கடவுச்சொல் எதுவும் கேட்காமலே.

“அது எப்படி வந்தது?” என்றார் பெண்மணி. அந்தக் குரலில் கறார் இல்லை.

அவள் சிரித்தாள். காலையில் நெற்றியைத் தேய்த்தவள்தானா இவள்?

“நடந்தது ரிமூவ் மேடம், பர்ஜ் இல்லை. பேக்கேஜ் போனாலும் நாம பண்ணி வெச்சது உள்ளேயே இருக்கும். திரும்பி வந்ததும் எடுத்துக்கும்.”

பெண்மணி எதையோ குறித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“திங்கட்கிழமை வேலைக்கு வந்துட முடியுமா?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நாக்கு நுனியில் அந்த ஒரு சொல் துடித்துக்கொண்டிருந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். கைபேசியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, மெதுவாக அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

“வரேன் மேடம்” என்றாள் அவள்.