ஆறிப்போன தோசைக்கு ஒரு சாட்சி

எங்கள் வீட்டுக் கூடத்தில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு மாட்டியிருக்கிறது. அதில் என் கணவர் ஜோஸின் பெயரும், கண்டுபிடிப்பாளர் என்ற பட்டமும் பொறித்திருக்கும். பேட்டன்ட் எனப்படும் காப்புரிமை கிடைத்ததும் அவர் கம்பெனி கொடுத்தது. அது வந்த புதிதில் ஆவடியில் எங்கள் தெருவுக்கே கேக் வாங்கிக் கொடுத்தேன். பங்குச் சாமியார்கூட வந்து பார்த்துவிட்டு, "எதைக் கண்டுபிடிச்சீங்க ஜோஸ்?" என்று கேட்டார். இவர் பெட்டி, சர்வர் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். எனக்கும் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும், கட்டினவன் பெயர் பித்தளையில் இருக்கிறதே என்று தினமும் துடைத்து வந்தேன்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மண்ணூர்பேட்டைப் பக்கம். பஸ்ஸிலும் லாரியிலும் பொருத்துகிற பெட்டியும் அதற்கான மென்பொருளும் செய்கிற கம்பெனி. இந்த வருஷம் அங்கே ஆள் குறைப்பு. நேற்றுவரை கூடச் சாப்பிட்டவர் இன்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாராம். "பேட்டன்ட்ல பேர் இருக்கிறவங்க மேல கை வைக்க மாட்டாங்க குமாரி" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். எனக்குச் சொல்கிற சாக்கில் தனக்கே தைரியம் சொல்லிக்கொள்வார். எங்கள் மகள் வேலப்பன்சாவடியில் கல்லூரியில் படிக்கிறாள். இந்த வயதில் இவருக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்தெரு லாவண்யா கண் வீங்கி வந்து நின்றாள். அவளும் அவள் புருஷனும் வேப்பம்பட்டிலிருந்து ஆவடிக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறார்கள். இன்ஜினியரிங் படித்த பெண். பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் வெயிலில் காய வேண்டாமென்று தானே உட்கார்ந்து ஒரு ஆப் செய்திருந்தாள். வேன் முந்தின ஸ்டாப்பைத் தாண்டியதும் அடுத்த ஸ்டாப் அம்மாவின் போன் ஒரு தரம் அடித்து நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. மற்ற வேன்காரர்களும் கேட்டு வாங்க, இப்போது வேனைவிட அந்த ஆப்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது.

"ஒரு கம்பெனி புகார் கொடுத்து, ப்ளே ஸ்டோர்ல இருந்து ஆப்பையே தூக்கிட்டாங்கக்கா. முந்தின ஸ்டாப் தாண்டினதும் சிக்னல் கொடுக்கிறது அவங்க கண்டுபிடிப்பாம். பேட்டன்ட் இருக்காம். நான் திருடிட்டேனாம்."

அவள் நீட்டிய நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். கம்பெனி பெயர் தெரிந்த பெயர். அதோடு இணைத்திருந்த தாளில் கண்டுபிடிப்பாளர் பெயர் இன்னும் நன்றாகத் தெரிந்த பெயர். அந்தக் கண்டுபிடிப்பாளர் அப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் அடைத்துவிடும். லாவண்யா போன பிறகுதான் திறந்தது.

"ஏங்க, இதுவா நீங்க கண்டுபிடிச்சது? இது நானும் லோகநாயகியும் சபீனாவும் தெனம் பண்ணதுங்க!"

அப்போதெல்லாம் கம்பெனி பஸ் எஸ்டேட்டை விட்டுக் கிளம்புகிற நேரம் ஒரு நாளைப்போல் ஒரு நாள் இருக்காது. எங்கள் மூவரின் கணவர்களும் அதே பஸ். அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் தலை தெரிந்ததும் சபீனா, திருமுல்லைவாயலில் இருக்கும் லோகநாயகிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். பஸ் தன் ஸ்டாப்பைத் தாண்டியதும் லோகநாயகி எனக்குக் கொடுப்பாள். நான் கல்லை அடுப்பில் ஏற்றினால் இவர் செருப்பைக் கழற்றும்போது தோசை தட்டில் விழும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும்.

"நான் எழுதிக் கொடுத்தது பெட்டி, குமாரி" என்றார். "சிக்னல் இல்லாத எடத்துலயும் ஸ்டாப்பைக் கரெக்டா கண்டுபிடிக்கிற பெட்டி. அதுக்கு எவ்ளோ உழைச்சேன்னு உனக்கே தெரியும். வக்கீலுங்க அதை இழுத்து இழுத்து, மணி அடிக்கிறதுகூட எங்களுதுன்னு எழுதிட்டாங்க."

"நீங்க கையெழுத்து போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன்." மடித்த சட்டையை மறுபடி மடித்துக்கொண்டே, "நீ லாவண்யாவுக்காக எங்க வேணா போ, தடுக்க மாட்டேன். என்னை மட்டும் இழுக்காதே" என்றார்.

அவர் உழைத்தது பொய்யில்லை. அந்தப் பெட்டிக்காக அவர் பண்டிகை நாளில்கூட மொட்டை மாடியில் ஒயரோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பெட்டிக்கு உரிமை கேட்பது வேறு, பஸ் வருகிறது என்று சொல்வதற்கே உரிமை கேட்பது வேறு. மழை வருது, துணியை எடு என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கவும் நாளைக்கு எவனாவது காசு கேட்பான்.

ஓ.டி.யில் ஒரு மாடி அறையில் வக்கீல் ஷோபனாவின் அலுவலகம். நாங்கள் மூன்று பேரும் லாவண்யாவும் போய் உட்கார்ந்தோம். நம் நாட்டில் வெறும் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடையாதாம், ஒரு பெட்டியையும் சேர்த்து எழுதினால் வழி பிறந்துவிடுமாம். விவரமெல்லாம் சொல்லிவிட்டு வக்கீல் கேட்டார்: "இந்த மிஸ்டு கால் ஐடியாவை உங்கள்ல முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேடம், பஸ்ஸு வந்துகினு கீதுன்னா சொல்றோம். இத்தப் போயி எவனாவது கண்டுபுடிப்பானா? ஊட்டுக்கு ஊடு பண்றதுதானே?"

"அதைத்தான் நிரூபிக்கணும். அவங்க விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே நீங்க செஞ்சீங்கன்னு காட்டணும். அதுக்கு ஒரு தேதி வேணும்."

யாருக்குத் தேதி ஞாபகம் இருக்கும்? அப்போது சபீனா மெதுவாக, "என் பொண்ணு பொறந்த தேதி செல்லுமா மேடம்?" என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. பதறிப்போய் லோகநாயகிக்கு போன் போட்டிருக்கிறாள். லோகநாயகிக்கோ சட்டம்தான் பெரிது. எடுப்பாளா? பஸ் இன்று சீக்கிரம் விட்டுவிட்டது என்று நினைத்து, கொஞ்ச நேரத்தில் பஸ்ஸைப் பார்க்காமலே எனக்கும் ஒரு மிஸ்டு கால் தட்டிவிட்டாள். நான் கல்லை ஏற்றினேன்.

"நான் வலியில கத்திகினு கீறேன் மேடம், இவ கட் பண்ணிட்டு தோசை ஊத்துறா! திரும்ப அடிச்சா, திரும்ப ஊத்துறா!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று பிறந்த பெண் இன்று ஒன்பதாவது படிக்கிறாள்; சபீனா வேப்பம்பட்டுக்குக் குடிபோய்விட்டதால் லாவண்யாவின் வேனில்தான் போய் வருகிறாள். சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வக்கீலும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"பிறப்புச் சான்றிதழ் நல்ல ஆதாரம். ஆனா அன்னைக்கு நடந்ததைச் சொல்றவங்க மூணு பேரும் லாவண்யாவுக்கு வேண்டியவங்க. சொல்லிக் கொடுத்துச் சொல்றாங்கன்னு எதிர்க்கட்சி வக்கீல் ஒரே வார்த்தையில தள்ளிடுவார். அந்தக் கம்பெனி ஆளு யாராவது சொன்னா அது வேற."

எங்கள் மூவரின் கணவர்களில் அந்தக் கம்பெனியில் மிச்சம் இருப்பது இவர் மட்டும்தான். லோகநாயகி வாயைத் திறந்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். சுயநலம்தான், மறைப்பானேன்? லாவண்யா எனக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் என் புருஷன் வேலை, என் மகள் படிப்பு. லாவண்யா என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று மாலை அவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். சபீனா மகள் கதைவரைக்கும் சொன்னேன், வக்கீல் கடைசியில் சொன்னதைச் சொல்லவில்லை. அவர் பாதித் தோசையில் கையை நிறுத்தினார்.

"கம்பெனி ஆளு சாட்சி கேட்டிருப்பாங்களே?"

நான் தோசையைத் திருப்பினேன்.

"சனிக்கிழமை அந்த மேடம் இருப்பாங்களா?"

"உங்களை நான் கூப்பிடலைங்க."

"தெரியும்."

சனிக்கிழமை எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டே ஷோபனா அவரை எச்சரித்துப் பார்த்தார். "உங்க பேர்ல இருக்கிற பேட்டன்ட்டை நீங்களே உடைக்கிறீங்க சார். கம்பெனி சும்மா இருக்காது."

"எழுதிக்கோங்க மேடம்" என்றார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "சபீனாவுக்குக் கொழந்தை பொறந்த அன்னைக்கு நான் வீட்டுக்குப் போனப்போ ஒரு தட்டு நெறைய தோசை ஆறிப்போய் கெடந்துச்சு. ஏன்னு கேட்டேன். என் சம்சாரம் இந்த மிஸ்டு கால் வெவரம் எல்லாம் சொன்னா. நான் சிரிச்சேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல புது ஐடியா கேட்டாங்க. பெட்டி என்னுது. முந்தின ஸ்டாப்புல மணி அடிக்கிறது, அந்த ஆறிப்போன தோசையைத் தின்னப்போ தெரிஞ்சுகிட்டது."

"அப்போ மணி அடிக்கிறதைக் கண்டுபிடிச்சது யாருன்னு போடட்டும்?"

அவர் எங்கள் மூவரையும் பார்த்தார். "யாருன்னு தெரியாது மேடம். நான் இல்லை. அதை மட்டும் போடுங்க."

கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன். பெருமையில் பாதி, பயத்தில் பாதி. வீட்டுக்கு வந்ததும் அவர் பித்தளைத் தகட்டைக் கழற்றப் போனார். நான் விடவில்லை. பெட்டி அவருடையதுதானே? இருக்கட்டும், இனிமேல் நீங்களே துடையுங்கள் என்று துணியைக் கையில் கொடுத்தேன்.

அடுத்த வாரமே கம்பெனிக்கு விவரம் போய்விட்டது. திங்கட்கிழமை காலை மேலிடத்திலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே அனுப்புவதானால் மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுவார்கள், அங்கே அதுதான் வழக்கம். நான் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். போன் செய்யப் பயம். அவர் செய்தாலும் எடுக்கப் பயம். மத்தியானம் போயிற்று, வெயில் இறங்கியது, யாரும் வரவில்லை. கம்பெனி பஸ் வருகிற நேரமும் ஆயிற்று.

போன் ஒரு தரம் அடித்து நின்றது. லோகநாயகி. அவள் கணவர் அந்த பஸ்ஸை விட்டு எவ்வளவோ காலமாகிறது. இன்று எனக்காக ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறாள். பஸ்ஸில் இவரைப் பார்த்தால்தானே அடிப்பாள்?

நான் எடுக்கவில்லை. கல்லை அடுப்பில் ஏற்றினேன்.