குமிழி விட்ட ஈரல்

ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளையோடு இன்னொன்றும் தெரிந்தது. என் ஈரலில் தேங்காய் அளவுக்கு நீர்க்கட்டி. உள்ளே புழு வளர்கிறதாம். வயிறு பெரிதாகும்போது கட்டி உடைந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. மாத்திரை பிள்ளைக்கு ஆகாது. அறுத்தால் பிள்ளை தங்குமா, அதையும் சொல்ல முடியாது என்றார்கள்.

பிரசவ வார்டில் ஆபரேஷன் வார்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் பிரசவ வார்டில் எழுதி வாங்கி வா என்றார்கள். வானகரத்திலிருந்து பஸ் ஏறி மூன்று வாரம் அலைந்தேன். வீட்டுக்கு வந்தால் மாமியார் கெங்கம்மாள், "கண்டதயும் துன்னா இப்டித்தான்" என்பாள். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

கடைசியில் ஒரு சர்ஜன்தான் உட்காரவைத்துக் கேட்டார். "வீட்ல நாய் இருக்கா?"

"கீது சார். டைகரு. இதோ, பேபி கையிலதான் சோறு துன்னும்" என்று என்னைக் காட்டினார் என் வீட்டுக்காரர் உத்தமன். கறிக்கடை வைத்திருக்கிறார். ஆட்டு ஈரலில் நீர்க்குமிழி இருந்தால் விற்க மாட்டார், டைகருக்குப் போட்டுவிடுவார்.

"அந்த ஈரலைத் தின்னுதான் நாய்க்குப் புழு வருது. அந்தப் புழுவோட முட்டை நாய் முடியில ஒட்டியிருக்கும். தொட்ட கை வழியா இவங்க வாய்க்குப் போயிருக்கு. இனிமே அதை எரிச்சிடுங்க."

உத்தமன் பெரிதாகத் தலையாட்டினார்.

அறுத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளை உதைத்தபோதுதான் அழுதேன்.

வீடு திரும்பியபோது டைகர் இல்லை. "பூந்தமல்லி தாண்டி உட்டுட்டு வந்துட்டேன். இனிமே பயமில்ல பேபி" என்றார். பாவம், போட்டதைத் தின்றது, அது என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குச் சோறு கொண்டுபோனேன். குமிழி விட்ட ஈரலைத் தெருவில் வீசக் கையை ஓங்கிக்கொண்டிருந்தார். கீழே தெருநாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு செலினின் மூன்று வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். தையல் சுருக்கென்றது.

"இன்னாடி, இது நம்ம நாயா? தெருநாய்தானே!"

அந்த ஈரலைப் பிடுங்கி அவர் கறி வெட்டும் கட்டைமேல் வைத்தேன். "என் வயித்துலேர்ந்து அறுத்து எடுத்தது இதான்யா. எரிச்சிட்டு அப்பால வெட்டு."

கறி வாங்க வந்தவர்கள் பையோடு நின்றார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய் வரும்வரை எழுந்திருக்கவில்லை.