பெட்டியில் போட்ட இரண்டு உறைகள்

ஓடைச் சத்தத்தின் விலை ஒரு ராத்திரிக்கு இருநூறு. தகரப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் எழுதி மரக்கம்பத்தில் ஆணி அடித்திருந்தார்கள். மலைக்காற்று, மரநிழல், பறவைகள், கல் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை எல்லாம் அதில் அடக்கம். தனித்தனியாக விலை போட்டிருந்தால் பறவைகளைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

பேரம் பேச ஆள் இல்லை. பலகைக்குக் கீழே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. அதற்கு விரல் நுழையாத அளவில் ஒரு வாய். பக்கத்தில் ஒரு கட்டு உறை. உறைமேல் இட எண், எத்தனை இரவு, தொகை என்று மூன்று கோடு போட்டிருந்தது. எழுதி, பணத்தை உள்ளே வைத்து, ஒட்டிப் போட்டுவிட வேண்டியது. இருபத்தாறு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதின விலையை அப்படியே கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

"ரெண்டு ராத்திரி சேர்த்து எடுத்தா குறைப்பாங்களான்னு யாரைக் கேக்குறது?" என்றேன்.

"பெட்டியைக் கேளு," என்றான் தம்பி.

நானூறை வைத்து ஒட்டிப் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை.

நாங்கள் ஒன்றும் ஓடை பார்க்க வரவில்லை. அப்பா விட்டுப்போன இரும்புச் சாமான் கடை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. நான் கல்லா, அவன் கிடங்கு. அவனுக்கு இப்போது மைத்துனனோடு சேர்ந்து இரண்டு லாரி வாங்கி ஓட்ட வேண்டும். அவன் பாதியை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். முழுக் கடையும் அறுபத்து நாலு லட்சம் பெறும் என்று ஆடிட்டர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். வங்கி எனக்கு முப்பத்து நாலு வரைக்கும் கடன் தருவதாகக் கடிதம் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை வரைதான் அதற்கு உயிர். முப்பத்து நாலுக்கு மேல் ஒரு காசு ஏறினாலும் என்னால் முடியாது. அப்படி ஆனால் கடை எதிர்க்கடைக்காரருக்குப் போகும். அவர் முழுப்பணத்தோடு தயாராக இருக்கிறார். விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தால் சிரிக்கவேறு செய்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தக் கடையைத் தவிர வேறு எதிலும் எனக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது.

முப்பத்து நாலு என்ற எண் தம்பிக்குத் தெரியாது. என் கையில் இருந்த சரக்கு அது ஒன்றுதான்.

இதை ஊரிலேயே பேசி முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் தொகையை முதலில் சொல்கிறவன் தோற்றவன். அப்படித்தான் வளர்ந்தோம். நாலு மாசம் அவன் சொல்லட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவனும் உட்கார்ந்திருந்தோம். அவன் பெண்டாட்டி போனில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க, என் பெண்டாட்டி எனக்குச் சொல்லிக்கொடுக்க, கடைசியில் எங்கள் அக்கா தலையிட்டாள். "போன் எடுக்காத இடமா பார்த்துப் போங்க. தொகை முடியாம எவனும் என் வாசல்ல வந்து நிக்காதீங்க." இந்த இடத்தைத் தேடிப் பிடித்ததும் அவள்தான். மொத்தமே ஏழு கூடாரத்துக்கு இடம். நாங்கள் போன அன்று நாலாம் நம்பரில் நாங்கள் மட்டும். மீதி ஆறும் காலி.

கூடாரம் கடையிலிருந்து எடுத்து வந்தது. பையைப் பிரித்தேன். பச்சைத் துணி வந்தது, கயிறு வந்தது, முளைகள் வந்தன. நிறுத்துகிற கம்பிகள் வரவில்லை.

"கம்பி எங்க?" என்றான் தம்பி.

நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன்.

"அண்ணே, நம்ம கடையில கம்பி தனி மூட்டை."

அது என் யோசனைதான். துணியின் விலையை மட்டும் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிடுவேன். இவ்வளவு மலிவா என்று ஆள் உள்ளே வந்து, துணியைத் தொட்டுப் பார்த்து, மனதுக்குள் வாங்கி முடித்த பிறகு கம்பி மூட்டையை எடுத்து மேஜைமேல் வைப்பேன். எட்டு வருஷமாக நன்றாகப் போகிற ஏற்பாடு. அதில் மாட்டிய முதல் கடைக்காரன் நான்.

"நீ கிடங்கு ஆளு. எடுத்து வச்சிருக்க வேண்டாமா?"

"கூடாரம் உன் பங்கு. அடுப்பு, பாத்திரம், அரிசி என் பங்கு. மூணு நாள் போன்ல பேரம் பேசிப் பிரிச்சோமே. என் பங்குல ஒரு கரண்டி குறையுதா பாரு."

குறையவில்லை. காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்று இன்னொரு பலகை இருந்தது. அதனால் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, துணியை அதன்மேல் போட்டு, நாலு மூலையிலும் முளை அடித்தான் தம்பி. சுமை கட்டிப் பழகின கை. முடிச்சு இறுகி நின்றது. நான் கல்லா ஆள் என்பதால் மேற்பார்வை பார்த்தேன்.

சோறு வடித்துத் தின்று, ஓடைக்கரைக் கல்மேல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான். சத்தம் மட்டும் ஆளை முழுக்குகிற மாதிரி.

"சரி, சொல்லு," என்றேன்.

"வாங்குறவன் நீ. நீ சொல்லு."

"விக்கிறவன்தான்டா விலை சொல்லணும். உலக வழக்கம்."

"அப்ப நீ கடையில கேக்குறவங்ககிட்ட 'உங்களுக்கு எவ்வளவு தோணுது'ன்னு ஏன் கேக்குற?"

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் துணிக்குள் புகுந்தோம். கம்பி இல்லாத கூடாரம் தண்ணீர் சேரச் சேர நடுவில் தொட்டி மாதிரி தொங்கியது. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்தோம். ஒருவன் விட்டால் இருவரும் நனைவோம். தம்பி அண்ணாந்து, ஒரு தையலில் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின் கொட்டகைக் கூரையும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கை வலிக்குது."

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மழைக்கோட்டும் முழங்கால் பூட்சும் போட்ட ஒரு அம்மாள். இடத்தைப் பார்த்துக்கொள்கிற காவல்காரம்மா. குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏன் சார் ரெண்டு பேரும் தூணா நிக்கிறீங்க? கம்பி இல்லையா?"

"அது தனி விலைங்க," என்றான் தம்பி.

"யாரோ விட்டுட்டுப் போனது ரெண்டு என் கொட்டகையில கிடக்கு. தரேன். போறப்ப வச்சிட்டுப் போங்க."

"வாடகை எவ்வளவும்மா?" என்றேன்.

"வாடகை ஒண்ணுமில்ல."

"சும்மா ஏதாவது சொல்லுங்க."

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொன்னா குறைக்கச் சொல்லுவீங்க. அதுக்கு இதே பரவாயில்ல." கொண்டுவந்து கொடுத்தார். "காலையில எட்டு மணிக்குப் பெட்டி திறப்பேன், உறையெல்லாம் எடுத்துப் பதிவு பண்ண. ஏதாச்சும் வேணும்னா அப்ப சொல்லுங்க," என்று போய்விட்டார்.

கம்பி நின்றதும் கை விடுபட்டது. மழையும் விட்டது. தம்பி பெட்டிப் பக்கம் போனவன், இரண்டு வெற்று உறையோடு திரும்பி வந்தான்.

"அண்ணே, நீயும் முதல்ல சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். ஆளுக்கொரு உறையில எழுதிப் போட்டுடுவோம். அந்தம்மா திறக்கட்டும். ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டு, வர்றதுதான் விலை. அப்புறம் பேச்சில்ல."

அதில் ஓட்டை இருக்கிறதா என்று ஓடைக்கரையில் இரண்டு தரம் போய்வந்து யோசித்தேன். தெரியவில்லை. சரி என்றேன்.

பேனாவை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் வரை போய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கணக்கு இதுதான். ஆடிட்டர் கணக்கில் அவன் பாதி முப்பத்திரண்டு. என் தம்பி முப்பத்திரண்டு என்று எழுத மாட்டான். எங்கள் அப்பாவின் பிள்ளை. முப்பத்தெட்டு எழுதுவான். நான் முப்பது எழுதினால் நடு சரியாக முப்பத்து நாலு. கடை எனக்கு. அவன் நாற்பது எழுதிவிட்டால் நடு முப்பத்தைந்து. கடை எதிர்க்கடைக்காரருக்கு. அப்படியானால் நான் இருபத்தெட்டு எழுதலாமே? அவ்வளவு அடிமாட்டு விலையைப் பார்த்தால் அவன் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போவான். பேனா அப்படியே நின்றது. கடைசியில் முப்பது லட்சம் என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

தம்பி என்னைவிட சீக்கிரம் எழுதி முடித்துக் கல்மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டையும் சேர்த்தே போட்டோம், யார் முதல் என்று வராமல்.

அன்று ராத்திரி தூங்கினேன் என்று சொன்னால் அது விற்பனைக்குச் சொல்கிற பொய்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே இருவரும் பெட்டி முன்னால் நின்றோம். காவல்காரம்மா வந்து, பூட்டைத் திறந்து, பதிவுப் புத்தகத்தைப் பெட்டிமேல் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் உறை நாங்கள் போட்ட வாடகை. நானூறை எண்ணி எழுதினார். இரண்டாவதைப் பிரித்தார். உள்ளே பணம் இல்லை. திருப்பிப் பார்த்தார்.

"நாலாம் நம்பர். முப்பது லட்சம்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இருநூறுதான் சார். கொஞ்சம் கூட எழுதிட்டீங்க."

"அது எங்க வீட்டுக் கணக்கும்மா. அடுத்ததைப் படிங்க."

"இதுவும் நாலாம் நம்பர். இருபத்தாறு லட்சம்."

இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். படித்தார். இருபத்தாறேதான்.

வாங்குகிறவன் சொன்னதைவிட விற்கிறவன் குறைவாகக் கேட்டிருக்கிறான். நடு இருபத்தெட்டு. கடை எனக்கு. வேறு எவனாக இருந்தாலும் குதித்திருப்பான். எனக்குச் சந்தேகம் தட்டியது. கேட்காமலே விலை குறைத்தால் சரக்கில் சொத்தை இருக்கிறது என்று அர்த்தம்.

"என்னடா மறைக்கிற?"

தம்பி ஓடையைப் பார்த்தான். "பின் கொட்டகையில இரும்புக் குழாய் இருக்கு, தெரியுமா?"

"தெரியும். பதினாறு லட்சம். புத்தகத்தில இருக்கு."

"புத்தகத்தில இருக்கு. கொட்டகையில துருதான் இருக்கு. பழைய இரும்புக்குப் போட்டா நாலு வரும். பன்னிரண்டு போச்சு. ஒரு ஒப்பந்தக்காரன் மொத்தமா எடுத்துக்கறேன்னு சொன்னான், மலிவா கிடைச்சதேன்னு இறக்கினேன். அவன் வரல. கூரை ஒழுகிச்சு. ரெண்டு மழைக்காலம். கடை அறுபத்து நாலு பெறாது. அம்பத்திரண்டுதான். பாதி இருபத்தாறு."

மூன்று வருஷமாக நான் பின் கொட்டகைக்குள் காலடி வைத்ததில்லை. அது அவனுக்கும் தெரியும். பதினாறு என்றே வைத்து முப்பத்தெட்டு எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, திங்கட்கிழமை தாண்டும் வரை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கத்துவ."

"இப்ப மட்டும் கத்த மாட்டேனா? நீ செஞ்ச தப்புக்கு நான் ஆறு லட்சம் அழணுமா? முழுப் பன்னிரண்டும் உன் தலையில. உனக்கு இருபதுதான்."

"நடுதான் விலை, அப்புறம் பேச்சில்லன்னு ஒத்துக்கிட்டியா இல்லையா? இருபத்தெட்டு."

"சொத்தைச் சரக்குக்கு அந்தப் பேச்சு செல்லாது."

"அப்ப உன் சரக்கையும் பார்ப்போம். உன் பெரிய பொண்ணு காலேஜ் பீஸ் நாலு லட்சம், கல்லாவிலிருந்து எடுத்தியே, எந்தக் கணக்குல எழுதின?"

இதை அவன் எப்போது கண்டுபிடித்தான் என்றுதான் யோசனை ஓடியது.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?" என்றேன்.

"படிக்கிற பிள்ளைக்குத்தானே எடுத்தன்னு விட்டேன். இப்ப நீ விட மாட்டேங்குற."

காவல்காரம்மா பேனாவை மூடினார். "சார், எனக்கு மேல இன்னும் ரெண்டு இடம் பார்க்கணும். இந்த ரெண்டு உறையையும் நான் பதியணுமா வேண்டாமா?"

"வேண்டாம்மா. பின்பக்கம் எழுதிக்க வேணும், இப்படிக் குடுங்க," என்றான் தம்பி.

கல் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உறைகளின் முதுகில் எழுதி எழுதி அடித்தோம். அவன் கத்தினான், நான் கத்தினேன்; ஓடை இரண்டு பேரையும்விட சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தரம் சோறு வைத்தான், தின்றோம், திரும்பவும் கத்தினோம். தொகையை முதலில் சொல்கிறவன் தோற்றவன் என்பதெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆளுக்கு நாற்பது தொகை சொல்லியிருப்போம். பகல் சாயும்போது கணக்கு நின்றது. இரண்டாவது ராத்திரிக்கும் பணம் கட்டியாயிற்று என்பதால் தங்கிவிட்டே கிளம்பினோம். திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்துப் போட்டேன்.

உறையின் முதுகில் இருக்கிறபடி: உறைகளின் நடு இருபத்தெட்டு லட்சம். துருப்பிடித்த குழாய்க்காக அவன் கூடுதலாகத் தாங்கியது மூன்று, கழித்தால் இருபத்தைந்து. காலேஜ் பீஸில் அவன் பாதி இரண்டு, கூட்டினால் இருபத்தேழு. கடை வேன் அவனுக்கு, மதிப்பு ஒன்று, கழித்தால் இருபத்தாறு. ஒரு நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசி, அவன் எழுதிப் போட்ட எண்ணிலேயே வந்து நின்றிருக்கிறோம். கொடுத்தாகிவிட்டது, ரசீதும் வாங்கியாகிவிட்டது. துருக்குழாயை ஏற்றி எடை போட்ட கூலி ஆயிரத்து நூறு யார் தலையில் என்பது மட்டும் இடிக்கிறது. அவன் தர வேண்டியது என்று என் நோட்டில் இருக்கிறது. நான் தர வேண்டியது என்று அவன் நோட்டில் இருக்கிறது.