சுண்டுவிரலுக்கு ஒரு குழாய்

பிரஸ் மெஷினில் இடது கை விரல் இரண்டு போனதிலிருந்து அந்தோணி கிட்டாரைத் தொடவில்லை. பதினைந்து வருடம் கழித்து, பழைய கூட்டாளி சின்னராசு ப்ளூஸ் ராக் பேண்டு தொடங்கலாம் என்று கூப்பிட்டதும் சந்தேகம் தட்டியது. பரிதாபப்பட்டு மேடையில் சும்மா நிறுத்தி வைப்பானோ?

ஆரம்பாக்கத்து ஷெட்டில் சின்னராசு, ஒரு கிட்டாரோடு, லேத்தில் கடைந்த சின்ன இரும்புக் குழாயையும் நீட்டினான்.

“சுண்டுவிரல்ல மாட்டிக்கினு கம்பி மேல இழு நைனா. போன விரலுக்கு இதுல வேலயே இல்ல.”

“நொண்டிக் கைக்கு வெளையாட்டு சாமானா?”

“இஸ்துதான் பாரேன்.”

இழுத்தான். முனகலாக ஒரு சத்தம் வந்தது. டிரம்ஸில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பலமாகத் தலையாட்டினான். அந்தோணி அதை நம்பவில்லை.

சின்னராசு முகம் சுளித்தான். “இன்னாடா இது, சுருதி எங்கியோ போவுது. சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்.”

அந்தோணிக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. மறுபடி இழுத்தான்.