பாஞ்சாலையின் கருவாட்டு மூட்டை

கருவாட்டுக்கு வருகிற மயிர்ப்புழு பட்டுத் துணியையும் தின்னும். ஆரணியில் தறி போடுகிற வீட்டுக்கெல்லாம் இது தெரியும். தெரிந்தும் பின்கட்டு அறையைக் கருவாட்டுக்காரி பாஞ்சாலைக்கு வாடகைக்கு விட்டாரே தறிக்காரர் ரங்கசாமி, அவரை என்ன சொல்ல! கருவாட்டுக் குழம்பு என்றால் மனுஷனுக்கு உயிர்.

ஆடி பிறக்கப் போகிற நேரம். கருவாடு இல்லாமல் ஆடிக் கூழா? பாஞ்சாலைக்கு வருஷ வியாபாரமே அந்த மாசம்தான். மெட்ராசிலிருந்து வாளையும் நெத்திலியும் லாரியில் வந்து இறங்கிவிட்டன. அந்தச் சமயம் பார்த்தா ரங்கசாமியின் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு புழு ஊர்ந்துகினு போகணும்?

“பாஞ்சாலை! ஞாயித்துக்கெழம மூட்டைக்குள்ள கைய வுட்டுப் பாப்பேன். ஒரு புழு ஆப்ட்டாலும் ரூமக் காலி பண்ணிடணும், ஆமா!”

கருவாட்டு மூட்டைக்கு இந்த ஊரில் வேறு எவன் இடம் தருவான்? பாஞ்சாலை ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மூக்கைச் சிந்தும்போதுதான் நினைப்பு வந்தது. ரங்கசாமி வீட்டில் பட்டுப்புடவைப் பெட்டிக்குள் வசம்பு போட்டு வைப்பார்களே! பட்டைக் காப்பாத்துறது கருவாட்டைக் காப்பாத்தாதா?

கருவாட்டை மொட்டை வெயிலில் கொட்டி உதறினாள். காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கை மிளகாய். உரலில் போட்டு இடித்தாள் பாருங்கள், தெருவே தும்மியது. தறிச் சத்தம் அத்தனையும் நின்றுபோனது.

“இன்னா பேஜாரு இது!” என்று கத்த வந்த ரங்கசாமியும் தும்மல்தான் போட்டார்.

அடுக்குக்கு அடுக்கு பொடி தூவி மூட்டையைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். முழங்கை வரை கையை மூட்டைக்குள் விட்டுத் துழாவினார். வாளை வந்தது, நெத்திலி வந்தது, பொடி வந்தது. புழு? மருந்துக்குக்கூட இல்லை!

“இந்தப் பொடியோடவா துன்றது?” என்றார், குரல் இறங்கி.

“வெந்நில ரெண்டு தரம் அலசினா போயிடும்ணா. எடுத்துகினு போங்க, கொழம்பு வெச்சுப் பாருங்க.”

“ரூம்லயே இரு. எங்க பெட்டி வசம்பு வாசனையத்துப் போச்சு. பொண்ணு கல்யாணப் பட்டுக்கு எனக்கும் கொஞ்சம் பொடி குடு.”

சந்தோஷம் தாங்காமல் பாஞ்சாலை மூட்டைக்குள்ளேயே கையை விட்டு ஒரு பிடி பொடி அள்ளினாள். ரங்கசாமி அலறினார்.

“அய்யய்யோ, அது வேணாம்மா! புதுசா இடிச்சுக் குடு. சம்பந்தி வீட்ல பொடவைய மோந்து பாத்துட்டு, கூழ் எங்கன்னு கேப்பாங்க!”