தனி அடுப்பு

இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, கணவன் விட்டுப் போனதால் எங்களோடு இருக்கும் அக்கா, இரவு வேலை முடிந்து பாதித் தூக்கத்தில் நான், வறுமைக் கணக்கெடுக்க வந்த பெண். நாற்காலி நான்குதான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம். இங்க ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க. நீங்க ஏழை இல்லை," என்றாள் அந்தப் பெண்.

அண்ணன் முகத்தில் பதவி உயர்வு வந்த களை. அண்ணிக்குத்தான் வயிறு எரிந்தது.

"அப்ப யாரும்மா ஏழை?"

"இந்த வட்டாரத்துல, ஆம்பளை சம்பாதிக்கிற வீடுன்னா நூத்துக்குப் பதினஞ்சுதான் ஏழை. தனியா இருக்கிற பொம்பளைங்கன்னா நூத்துக்கு அறுபது. அவங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை உண்டு."

"தனியா இருக்கிற ஆம்பளை?" என்றேன்.

"அப்படி ஒரு பிரிவே இல்லை."

படிப்பைப் பாதியில் விட்ட என்னைக் கல்லூரிதான் கழித்துக் கட்டியது என்று நினைத்திருந்தேன். வறுமையும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அண்ணி அக்காவைப் பார்த்தாள். அப்படிப் பாசமாகப் பார்த்து நான் கண்டதில்லை. "நாத்தனார் தனிச் சமையல்தான்மா. பின்னாடி அறையில."

பின்னறை நான் பகலில் தூங்கும் இடம். அண்ணி கண் காட்ட, பழைய மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். வைக்க வேறு இடமில்லை, என் பாயிலேயே வைத்தேன்.

கணக்கெடுக்க வந்தவள் பின்னாலேயே வந்து பாயையும் அடுப்பையும் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டாள்: "நீங்க தனியாத்தான் சமைக்கிறீங்களா?"

நாலு பேருக்கும் நாள் தவறாமல் சமைப்பவள் அக்கா.

"ஆமா, தனியாத்தான். பணம் என் பேர்லயே வரட்டும்."

"அண்ணன் பேர்ல போட்டா வசதி..." என்று இழுத்தாள் அண்ணி.

"தனிக் குடும்பத்துல அண்ணன் ஏது அண்ணி?"

அந்தப் பெண் எழுதிக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் அண்ணி சோம்பல் முறித்தாள்.

"சரி, கூத்து முடிஞ்சுது. போய் உலை வை."

"எந்த வீட்டுக்கு?"

அண்ணன் சிரித்தான். பிறகுதான் பசி நினைவுக்கு வந்தது போலிருக்கிறது, நிறுத்திவிட்டான்.

அக்கா ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, தன் துணிப்பை மூன்றையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அங்கிருந்து என் பாய் பறந்து வந்தது.

"அக்கா, நான் எங்க தூங்குறது?"

"வசதியான வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுல வந்து இடம் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.